முடி நடவு செய்துகொள்ளலாமா? முடிவெடுப்பதற்கு முன் படிப்படியாகப் பார்க்க வேண்டியவை

முடி நடவைப் பற்றி யோசிக்கத் தொடங்கும் பெரும்பாலோர், எத்தனை கிராஃப்ட் (எடுத்து நடும் முடித் தொகுப்பு) தேவைப்படும், எந்த முறை சிறந்தது, எவ்வளவு செலவாகும் என்ற மூன்று கேள்விகளோடுதான் மருத்துவமனைக்குப் போகிறார்கள். இவை மூன்றுக்கும் முன்னால் நிற்கும் கேள்வி ஒன்று உண்டு. பிடரியிலும் தலையின் பக்கவாட்டிலும் இருக்கும் முடி, இன்று வழுக்கையாகத் தெரியும் இடத்துக்கு மட்டுமல்லாமல், இன்னும் இருபது ஆண்டுகளில் வழுக்கையாகப் போகும் இடத்துக்கும் போதுமா என்பதே அது. இதற்கு ஓரளவாவது தெளிவான விடை கிடைக்கும்வரை அறுவை சிகிச்சைக்குத் தேதி குறிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்த விடையைத் தேடும் வரிசையிலேயே கீழுள்ள படிகளை அமைத்திருக்கிறேன்.

படி 1: இந்தச் சிகிச்சை எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை

முடி நடவில் புதிய முடி எதுவும் உருவாக்கப்படுவதில்லை. நாற்றங்காலில் இருந்து நாற்றைப் பிடுங்கி வயலில் நடுவதைப் போல, ஓரிடத்தில் இருக்கும் முடி வேரை எடுத்து வேறோர் இடத்தில் வைக்கிறார்கள். எடுத்த இடத்தில் அந்த வேர் மறுபடி முளைக்காது. தலையில் இருக்கும் மொத்த முடி கூடுவதில்லை, இடம் மட்டுமே மாறுகிறது.

இப்படி இடம் மாற்றுவது ஏன் பலன் தருகிறது என்பதற்கு உடலியல் காரணம் இருக்கிறது. ஆண்களின் பரம்பரை வழுக்கைக்குக் காரணமான ஹார்மோன் டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன், சுருக்கமாக டி.ஹெச்.டி. நெற்றிப் பக்கத்திலும் உச்சியிலும் இருக்கும் வேர்கள் இந்த ஹார்மோனால் சிறிது சிறிதாகச் சுருங்கி, ஒவ்வொரு வளர்ச்சிச் சுற்றிலும் முன்னதைவிட மெல்லிய, குட்டையான முடியை முளைக்க வைத்து, கடைசியில் பூனைமுடி அளவுக்கு வந்துவிடுகின்றன. பிடரியில் இருக்கும் வேர்கள் பிறவியிலேயே இந்த ஹார்மோனுக்கு அவ்வளவாக அசைந்து கொடுப்பதில்லை. அவற்றை எடுத்து முன்னால் நட்டாலும் தங்கள் பழைய குணத்தையே வைத்துக்கொள்கின்றன. இந்த உண்மையை நார்மன் ஓரென்ட்ரைக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் 1959-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார். முடி நடவுத் துறையே அதன் மேல்தான் நிற்கிறது.

அவர் காலத்தில் சுமார் 4 மில்லிமீட்டர் அகலத் துண்டுகளாக வெட்டி நட்டதால், பொம்மைத் தலையில் குத்திய முடியைப் போலக் கொத்துக்கொத்தாகத் தெரிந்தது. இன்று முடி இயற்கையாக வளரும் சிறு தொகுப்புகளை அப்படியே எடுத்து நடுகிறார்கள். ஒரு தொகுப்பில் ஒன்று முதல் நான்கு முடிகள் வரை இருக்கும். ஒரு கிராஃப்ட் என்பது இத்தகைய ஒரு தொகுப்பு, ஒற்றை முடி அல்ல. சிலர் கிராஃப்ட் எண்ணிக்கைக்குப் பதிலாக முடி எண்ணிக்கையைச் சொல்லிப் பெரிதாகக் காட்டுவதால், எந்தக் கணக்கில் பேசுகிறார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

படி 2: முடி கொட்டுவதன் காரணத்தைக் கண்டறியுங்கள்

முடி கொட்டுகிறது என்பது ஓர் அறிகுறி மட்டுமே. எல்லா முடி உதிர்வுக்கும் நடவு தீர்வாகாது. சிலவற்றுக்கு அது பெருங்கேடாகவும் முடியும்.

கடும் காய்ச்சல், பெரிய அறுவை சிகிச்சை, பிரசவம், திடீரென்று உணவைக் குறைத்து எடையிழத்தல் போன்றவற்றுக்கு இரண்டு மூன்று மாதங்கள் கழித்துத் தலை முழுவதும் முடி கொத்தாக உதிர்வது உண்டு. இதில் வேர் சாவதில்லை, ஓய்வுக்குப் போயிருக்கிறது. பெரும்பாலும் ஆறு மாதங்களுக்குள் தானாகவே திரும்பிவிடும். தைராய்டு கோளாறும் இரும்புச் சத்துக் குறைபாடும் இதே போன்ற உதிர்வைத் தரும் என்பதால் இரத்தப் பரிசோதனை அவசியமாகிறது. வட்ட வட்டமாகத் திட்டுத் திட்டாக முடி போவது புழுவெட்டு. உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே வேரைத் தாக்குவதால் வருவது இது. நட்ட முடியையும் அது தாக்கக்கூடும். தோலில் தழும்பை உண்டாக்கி வேரை அழிக்கும் அழற்சி நோய்களும் இருக்கின்றன. தலையில் எரிச்சல், வலி, முடியைச் சுற்றிச் செதில், தோல் பளபளப்பாகி மயிர்க்கால் துளையே தெரியாமல் போவது போன்றவை இருந்தால், தேவைப்பட்டால் தோலின் சிறு துண்டை எடுத்துச் சோதித்துப் பார்த்து, நோய் முழுமையாக அடங்கிய பிறகே நடவைப் பற்றிப் பேச வேண்டும்.

எனவே முதலில் போக வேண்டியது தோல் மருத்துவரிடம். அவர் டெர்மாஸ்கோப் என்ற உருப்பெருக்கும் கருவியைத் தலையில் வைத்துப் பார்ப்பார். பரம்பரை வழுக்கை தொடங்கிய இடத்தில் தடித்த முடிக்குப் பக்கத்திலேயே அதில் பாதி தடிமன்கூட இல்லாத முடி நிற்கும். அந்தக் கருவியைப் பிடரியிலும் காது மேற்பகுதியிலும் வைத்துப் பார்த்தாரா என்பதைக் கவனியுங்கள். சிலருக்குப் பிடரி முடியும் சேர்ந்தே மெலிந்துகொண்டிருக்கும். அங்கிருந்து எடுத்து நடும் முடியும் சில ஆண்டுகளில் மெலிந்துவிடும் என்பதால் அவர்களுக்கு நடவு ஏற்றதல்ல. இதை நேரில் பார்க்காமல், கைப்பேசியில் அனுப்பிய நான்கு புகைப்படங்களை மட்டும் வைத்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

பெண்களுக்கு இந்தப் படி இன்னும் முக்கியமானது. பெண்களின் முடி பெரும்பாலும் ஒரே இடத்தில் வழுக்கையாகாமல் தலை முழுவதும் பரவலாக மெலிகிறது. பிடரியும் அதில் சேர்ந்துகொள்வதால், நடவுக்குத் தகுதியானவர்கள் ஆண்களைவிடக் குறைவு. நெற்றி பிறவியிலேயே அகலமாக இருப்பவர்கள், தீக்காயத் தழும்பு உள்ளவர்கள், பிடரி முடி திடமாக இருப்பவர்கள் ஆகியோருக்கு நல்ல பலன் கிடைக்கிறது.

படி 3: உதிர்வை முதலில் நிறுத்திப் பாருங்கள்

நடவு இழந்த முடிக்கு ஈடு தருகிறது. இருக்கும் முடியைக் காப்பாற்றுவதில்லை. காப்பாற்றும் வேலை மருந்துடையது. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வரும் ஏமாற்றம்தான் இந்தத் துறையில் மிகுதி.

பரவலாகப் பயன்படும் மருந்துகள் இரண்டு. மினாக்சிடில் முதலில் இரத்த அழுத்த மாத்திரையாக இருந்தது. அதைச் சாப்பிட்டவர்களுக்கு உடலெங்கும் முடி வளர்ந்ததைக் கவனித்துத் தலையில் தடவும் மருந்தாக மாற்றினார்கள், 1988-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கு ஒப்புதல் தந்தது. தொடங்கிய முதல் சில வாரங்களில் உதிர்வு கூடுவது இயல்பு. அந்த நேரத்தில் பயந்து நிறுத்திவிடுபவர்கள் பலர். ஃபினாஸ்டரைடு 1 மில்லிகிராம் மாத்திரைக்கு 1997-இல் ஒப்புதல் கிடைத்தது. அது இரத்தத்தில் இருக்கும் டி.ஹெச்.டி அளவை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறது. ஒரு சிறு பகுதியினருக்குப் பாலுணர்வு குறைதல், விறைப்பில் தளர்ச்சி, மனச்சோர்வு போன்ற பக்கவிளைவுகள் வரலாம். இவற்றைப் பற்றி மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசிய பிறகே தொடங்க வேண்டும். கருவுற்றிருக்கும் பெண்கள் உடைந்த ஃபினாஸ்டரைடு மாத்திரையைத் தொடவே கூடாது. புரோஸ்டேட் புற்றுநோய்க்கான பி.எஸ்.ஏ பரிசோதனை முடிவை இந்த மருந்து ஏறத்தாழ பாதியாகக் காட்டும் என்பதால், பரிசோதிக்கும் மருத்துவரிடம் மருந்தின் பெயரைச் சொல்லிவிட வேண்டும்.

மருந்தின் பலனை மதிப்பிட ஓராண்டாவது தேவை. மாதம் ஒரு முறை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், முடி நனையாமல் நெற்றி, உச்சி, பக்கவாட்டு ஆகிய கோணங்களில் படம் எடுத்து வையுங்கள். கண்ணாடியில் தினமும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது. முதல் மாதப் படத்தையும் பன்னிரண்டாம் மாதப் படத்தையும் அருகருகே வைத்தால் தெரியும். ஓராண்டுக்குப் பிறகு உதிர்வு நின்று, மெலிந்த முடி கொஞ்சம் தடித்திருந்தால், பலருக்கு நடவே தேவைப்படாமல் போகிறது. நடவு தேவைப்பட்டாலும் பரப்பளவு குறைந்திருக்கும். மருந்தை நிறுத்தினால் சில மாதங்களில் பலன் கரையத் தொடங்கும். நடவு செய்தவர்களில் பெரும்பாலோர், நடாத முடியைக் காக்க, அதற்குப் பிறகும் மருந்தைத் தொடர வேண்டியிருக்கும். மருந்தே வேண்டாம் என்பதற்காக நடவைத் தேர்ந்தெடுக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் தவறான காரணத்துக்காகத் தேர்ந்தெடுக்கிறார்.

படி 4: இருப்பையும் தேவையையும் கணக்கிடுங்கள்

எல்லாப் படிகளிலும் அதிக நேரம் செலவிட வேண்டியது இதுதான்.

முதலில் தேவை. வழுக்கையின் மேல் ஒரு கண்ணாடித் தாளை வைத்து, முடி அடர்த்தியாகத் தொடங்கும் எல்லையை மார்க்கரால் வரைந்து, அந்தத் தாளைச் சென்டிமீட்டர் கட்டங்கள் போட்ட தாளின் மேல் வைத்து எண்ணினால் பரப்பளவு தெரிந்துவிடும். வழுக்கை விழாத தலையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 65 முதல் 85 தொகுப்புகள் இருக்கும். நடும்போது அந்த அளவு தேவையில்லை. இயல்பு அடர்த்தியில் பாதி இருந்தாலே கண்ணுக்கு நிறைவாகத் தெரியும் என்பதால், 35 முதல் 40 வரை நடுவதை இலக்காக வைக்கலாம். நெற்றியின் இரு மூலைகளும் முன்பகுதியும் சேர்ந்து 60 சதுர சென்டிமீட்டர் என்றால், 40 வீதம் 2,400 கிராஃப்ட் தேவை.

அடுத்து இருப்பு. பிடரியிலும் பக்கவாட்டிலும் வாழ்நாள் முழுவதும் முடி நிலைத்திருக்கக்கூடிய பட்டையிலிருந்து, இடம் வெறிச்சோடித் தெரியாமல் எடுக்க முடிந்தது, சராசரியான முடி உள்ளவர்களுக்கு வாழ்நாள் முழுவதற்கும் ஏறத்தாழ 5,000 முதல் 6,000 கிராஃப்ட். மெல்லிய, அடர்த்தி குறைந்த முடி உள்ளவர்களுக்கு இது இன்னும் குறையும். முடி தடிமனாகவோ சுருளாகவோ இருந்தால் அதே எண்ணிக்கை கூடுதல் பரப்பை மறைக்கும். வெளுத்த தோலில் கருத்த நேர் முடி இருந்தால் இடைவெளி பளிச்சென்று தெரியும்.

இந்த இரண்டையும் அருகருகே வையுங்கள். வழுக்கை முற்றியவர்களுக்கு, நெற்றி முதல் உச்சியின் பின்பக்கம் வரை, பரப்பளவு 200 சதுர சென்டிமீட்டர் அளவுக்குப் போகலாம். அதை 40 வீதம் நிரப்ப 8,000 கிராஃப்ட் வேண்டும். இருப்பதோ அதிகபட்சம் 6,000. முழு வழுக்கையை முழுத் தலைமுடியாக்குவது கணக்கிலேயே நடக்காத காரியம். எந்த இடத்தை நிரப்புவது, எந்த இடத்தை விட்டுவிடுவது என்று தேர்ந்தெடுக்கத்தான் முடியும். முகத்துக்குச் சட்டமிடுவது முன்பகுதி என்பதால், அனுபவமுள்ள மருத்துவர்கள் அதற்கே முன்னுரிமை தந்து, உச்சியை மெல்லியதாக விட்டுவிடுவார்கள். உச்சியில் முடி சுழி வடிவில் நாலாபுறமும் பிரிந்து விழுவதால் ஒன்றை ஒன்று மறைக்காது. அங்கே எத்தனை நட்டாலும் போதவில்லை என்றே தோன்றும்.

இப்போது இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். நெற்றி மூலைகள் ஏறியிருக்கின்றன. பள்ளிக்காலத்தில் இருந்த இடத்துக்கே முடிக்கோட்டை இறக்கச் சொல்லி 3,000 கிராஃப்ட் வைத்துக்கொள்கிறார். அவருக்கு நாற்பது வயதாகும்போது, நட்டதற்குப் பின்னால் இருந்த இயற்கை முடி முழுவதும் போய்விடுகிறது. முன்னால் ஒரு தாழ்ந்த, அடர்ந்த பட்டை, அதன் பின்னால் வெறும் தலை, பிடரியில் மிச்சம் 3,000 கிராஃப்ட். நிரப்ப வேண்டியது 140 சதுர சென்டிமீட்டர். சாதாரண வழுக்கையோடு வெளியே நடமாடலாம். இந்தத் தோற்றத்தோடு நடமாடுவது மிகவும் கடினம். இதனால்தான் நல்ல மருத்துவர்கள் இருபத்தைந்து வயதுக்குக் கீழே இருப்பவர்களைக் காத்திருக்கச் சொல்கிறார்கள்; அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். தந்தை, தாய்மாமன், பாட்டனார் ஆகியோரின் தலைகளையும் பாருங்கள். வழுக்கை எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு அது உறுதியான சான்றாகாது, ஆனாலும் திட்டமிடும்போது மோசமான சாத்தியத்தை வைத்துத்தான் கணக்கிட வேண்டும்.

முடிக்கோட்டின் உயரத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். வளர்ந்த ஆணுக்குப் புருவ மத்தியிலிருந்து முடிக்கோடு வரை சுமார் 7 முதல் 9 சென்டிமீட்டர் இருப்பது இயல்பு. அளவுகோலை வைத்துப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் கீழே இறக்கச் சொன்னால் 15 சதுர சென்டிமீட்டர் கூடுதலாக நிரப்ப வேண்டிவரும், அதாவது சுமார் 600 கிராஃப்ட்.

படி 5: எதிர்பார்ப்பை எழுதிப் பாருங்கள்

நடவுக்குப் பிறகு என்ன மாற வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். படத்தில் நெற்றி அவ்வளவு பெரிதாகத் தெரியக் கூடாது, வாரிவிட்டால் மேல்தோல் தெரியக் கூடாது என்பவை சிகிச்சையால் நிறைவேறக்கூடியவை. தன்னம்பிக்கை திரும்ப வேண்டும், திருமணம் கைகூட வேண்டும் என்பவற்றுக்கு எந்த மருத்துவரும் பொறுப்பேற்க முடியாது. பிறர் கண்ணுக்கே தெரியாத குறையை நினைத்து ஒரு நாளில் பல மணி நேரம் வருந்துகிறீர்கள் என்றால், முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. அந்த வருத்தத்தோடு செய்துகொள்ளும் அறுவை சிகிச்சை எவ்வளவு நன்றாக அமைந்தாலும் நிறைவு தருவதில்லை.

படி 6: முறையைத் தேர்ந்தெடுத்தல்

முறைகள் அடிப்படையில் இரண்டுதான். எஃப்.யு.டி முறையில் பிடரியிலிருந்து ஒரு பட்டைத் தோலை வெட்டியெடுத்து, உருப்பெருக்கியின் கீழ் தொகுப்புகளாகப் பிரிக்கிறார்கள். நீளக் கோடாகத் தழும்பு நிற்கும், முடியை ஒட்ட வெட்டினால் தெரியும். எஃப்.யு.இ முறையில் 0.8 முதல் 1 மில்லிமீட்டர் அகலத் துளைக்கருவியால் ஒவ்வொரு தொகுப்பாக எடுக்கிறார்கள். தழும்பு சிறு சிறு வெள்ளைப் புள்ளிகளாகச் சிதறி நிற்கும். அளவுக்கு மீறி எடுத்தால் பிடரி பூச்சி அரித்த துணி போலாகிவிடும். விளம்பரங்களில் வரும் மற்ற பெயர்களில் பெரும்பாலானவை, நடும் பேனாவையோ துளையிடும் கத்தியையோ குறிப்பவை. கருவியைவிட அதைப் பிடிக்கும் கை முக்கியம் என்பதால் இதற்கு மேல் இங்கே நேரம் செலவிடத் தேவையில்லை.

படி 7: கருவியைப் பிடிக்கப்போவது யார்?

முடி நடவு அறுவை சிகிச்சையாளர்களின் பன்னாட்டுச் சங்கமான ஐ.எஸ்.ஹெச்.ஆர்.எஸ், மருத்துவத் தகுதியில்லாத ஊழியர்கள் தாங்களே அறுவை சிகிச்சை செய்வதைப் பற்றித் தொடர்ந்து எச்சரித்துவருகிறது. பல இடங்களில் மருத்துவர் காலையில் வந்து முடிக்கோட்டை வரைந்துவிட்டுப் போய்விடுவார். மற்றவை அனைத்தையும் ஊழியர்கள் செய்வார்கள். எனவே ஆலோசனையின்போதே நேரடியாகக் கேளுங்கள்: மரத்துப்போகும் ஊசியைப் போடுவது யார், வேரைத் துளையிட்டு எடுப்பது யார், நடும் இடத்தில் துளை போடுவது யார், ஒரே நாளில் எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள், அவசரநிலை ஏற்பட்டால் என்ன ஏற்பாடு இருக்கிறது? முடி எந்தக் கோணத்தில் எந்தத் திசையில் வளரும் என்பதைத் தீர்மானிப்பது நடும் துளைகள்தான். எடுக்கும்போது கோணம் தவறினால் வேர் அறுபட்டு வீணாகும், இழந்த வேர் திரும்பாது. இந்த இரு வேலைகளையும் மருத்துவர் செய்கிறார் என்று எழுத்தில் தரத் தயங்கும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

காட்டப்படும் முன்பின் படங்களில் ஒரே வெளிச்சம், ஒரே கோணம், ஒரே முடி நீளம் இருக்கிறதா என்று பாருங்கள். முடியை மேலே தூக்கி முடிக்கோட்டை நெருக்கமாகக் காட்டும் படத்தைக் கேளுங்கள். முதல் வரிசையில் ஒற்றை முடிகள் ஒழுங்கற்றுச் சிதறி நிற்க வேண்டும், கோடு கிழித்தது போல நேராக நிற்கக் கூடாது. பிடரியின் படத்தையும் கேளுங்கள். உங்கள் அளவுக்கு வழுக்கை இருந்த ஒருவரின் ஓராண்டுக்குப் பிந்தைய தலையை நேரில் பார்க்க முடிந்தால் அதைவிடச் சிறந்த சான்று இல்லை.

இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்பவர், எண்ணிக்கை வரம்பே இல்லாமல் எத்தனை கிராஃப்ட் வேண்டுமானாலும் வைக்கிறோம் என்பவர், நூறு சதவீத உத்தரவாதம் தருபவர் ஆகியோரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். உங்களுக்கு இப்போது வேண்டாம் என்று சொல்லும் மருத்துவரை மறுபடியும் போய்ப் பாருங்கள்.

படி 8: பிறகு வரும் மாதங்களுக்குத் தயாராகுங்கள்

இரண்டாயிரம் கிராஃப்ட்டுக்கு மேல் என்றால் ஒரு முழு நாள் படுத்தும் உட்கார்ந்தும் இருக்க வேண்டிவரும். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இதய நோய், இரத்தம் உறையாமல் இருக்கும் மருந்துகள், ஊசி மருந்து ஒவ்வாமை ஆகியவற்றை முன்கூட்டியே சொல்ல வேண்டும். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. புகைப்பவர்களுக்குத் தோலுக்குப் போகும் இரத்த ஓட்டம் குறைவதால் புண் ஆறுவது தாமதமாகும்.

இரண்டாம் மூன்றாம் நாளில் நெற்றியும் இமைகளும் வீங்கலாம். நட்ட ஒவ்வொரு புள்ளியிலும் பொருக்கு கட்டி, பத்து நாள்களுக்குள் மென்மையாகக் கழுவக் கழுவ உதிர்ந்துவிடும். பிடரியில் மரத்த உணர்வு சில வாரங்களோ மாதங்களோ நீடிக்கலாம். தொற்று, பருக்கள், அரிதாகத் தோல் கருகுதல் ஆகியவையும் நேரக்கூடியவை. வலி கூடிக்கொண்டே போனால், சீழ் வந்தால், தோல் கருத்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மனத்தளவில் கடினமான கட்டம் அதற்குப் பிறகுதான் வருகிறது. இரண்டாவது வாரத்திலிருந்து நட்ட முடியில் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். சுற்றியிருந்த பழைய முடியிலும் கொஞ்சம் அதிர்ச்சியால் உதிரலாம். வேர் உள்ளே உயிரோடுதான் இருக்கிறது. மூன்று நான்கு மாதங்களில் மெல்லிய முடி எட்டிப்பார்க்கும், ஆறாம் மாதத்தில் மாற்றம் தெரியும். முன்பகுதிக்குப் பன்னிரண்டு மாதங்களும், உச்சிக்குச் சில சமயம் பதினெட்டு மாதங்களும் ஆன பிறகே பலனை மதிப்பிட முடியும். திருமணத்துக்கோ புது வேலைக்கோ இரண்டு மாதங்களுக்கு முன் செய்துகொள்வது, இருப்பதிலேயே மோசமான தோற்றத்தோடு அங்கே போய் நிற்பதாகிவிடும்.

படி 9: வேண்டாம் என்று முடிவானால்

மேலே உள்ள படிகளில் ஏதோ ஒன்றில் விடை பாதகமாக வந்தால், முடியை ஒட்ட வெட்டிக்கொள்வது, தலையை மழித்துக்கொள்வது, தலைத்தோலில் புள்ளிகளாகச் சாயம் குத்தி மழித்த முடியின் தோற்றத்தைத் தருவது, தரமான செயற்கை முடி அணிவது ஆகியவை இருக்கின்றன. நடவு செய்யும் எண்ணம் பின்னால் வரக்கூடும் என்றால் சாயம் குத்துவதை மட்டும் தள்ளிவையுங்கள்.

செய்துகொள்வது என்று முடிவானால், அறுவை சிகிச்சை முடிந்த அன்றே எழுத்தில் வாங்க வேண்டியவை சில உண்டு. எத்தனை கிராஃப்ட் எடுக்கப்பட்டன, அவற்றில் ஒற்றை, இரட்டை, மூன்று முடித் தொகுப்புகள் எத்தனை, பிடரியின் எந்தப் பகுதியிலிருந்து எடுத்தார்கள், எத்தனை வேர்கள் அறுபட்டன, என்னென்ன மருந்து எந்த அளவில் கொடுத்தார்கள் என்பவை அதில் இருக்க வேண்டும். பத்தாண்டுகள் கழித்து இரண்டாவது நடவு தேவைப்படும்போது, உங்கள் பிடரியில் மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று அன்றைய மருத்துவர் கணக்கிடுவதற்கு இந்தக் குறிப்பு தேவைப்படும்.